யாரும் கேட்காத நோன்பு

ஊரிகம்
5 ஏப்ரல் 2025, சனி, இரவு

எலைன் அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. மச்சானுக்குக்கூட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமினால்கூட என் கை நின்றுவிடுகிறது. கோணல் மாணலாக இருந்தால் திட்டாதே.

போன மாதம் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "இன்னொரு தபா அவளுக்கு எழுதினேன்னு தெரிஞ்சா பத்தாவது இங்க கெடையாது. ஹாஸ்டல்தான்." அம்மாவின் போனில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று தினமும் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கங்கம்மா அத்தை மட்டும் இல்லாவிட்டால் நீ உயிரோடு இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. தன் பெயருக்கு வந்த உன் கடிதத்தை ரேஷன் அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து, அம்மா காதில் விழும்படியே, "இன்னாடி, உன் லவ் லெட்டர் வந்துகீது" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா சிரித்தார். அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா, நீ மறுபடியும் நோன்பு வைக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். ஏன்? ரம்ஜான்தான் முடிந்துவிட்டதே. திங்கட்கிழமை ராபர்ட்சன்பேட்டை பாய் வீட்டிலிருந்து கங்கம்மா அத்தை வீட்டுக்குப் பிரியாணி வந்தது. எலும்பைக் கடித்துக்கொண்டே அத்தை, "ஒரு மாசம் பட்டினி, ஒரு நாள் பிரியாணி. நமக்கு ஒரு மாசமும் பிரியாணி குடுத்தா நல்லா இருக்கும்" என்றார். ஊரே முடிந்தது என்கிறது. நீ மட்டும் ஏன் முடிக்கவில்லை?

நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் ஒரு ராத்திரி அம்மா உன்னைப் பற்றிப் பேச்சை எடுத்தார். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நோன்பு முடியட்டும். என் முன்னாடி தண்ணிகூட தொடாம உக்காந்திருக்கிற பொண்ண பாக்க எனக்கு தெம்பு கெடையாது. முடியட்டும். நான் குடுக்கிறத சாப்பிட்டா அவ என் பொண்ணு. சாப்பிடலன்னா அவங்க வூட்டுப் பொண்ணு. அப்பறம் இந்த வூட்டுல அந்தப் பேச்சே கூடாது" என்றார்.

நீ மச்சானைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போன இந்த இரண்டு வருஷத்தில் அப்பா உன்னைப் பற்றி அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் எந்த நாள் உன்னைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியாது. அந்த நாளில் நீ நோன்பாக இருந்தால் எல்லாம் போயிற்று. விட்டுவிடு அக்கா. விட முடியாதென்றால் உனக்குப் பதிலாக நான் வைக்கிறேன். எப்படி வைப்பது என்று மட்டும் எழுது.

ஈவி

•

ஆம்பூர்
8 ஏப்ரல் 2025

ஈவி,

கரைத்துவிட்டேன். பாத்திரத்தில் மை கலந்த நீலத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, உன் மச்சானைப் பெற்ற மாமி, "என்னம்மா, உஜாலா போட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உன்னால் எனக்கு ஒரு பொய்.

முதலில் ஒன்று. எனக்குப் பதிலாக நீ வைக்க முடியாது. நான் உயிரோடு, கை கால் நன்றாக இருக்கும்போது என் நோன்பை இன்னொருவர் வைப்பது என்பது கிடையாது. எனக்குப் பதிலாக நீ தூங்க முடியுமா? அந்த மாதிரி.

இப்போது உன் கேள்வி. ரமலானுக்கு அடுத்த மாதத்துக்கு ஷவ்வால் என்று பெயர். அதில் பெருநாளை விட்டுவிட்டு ஆறு நாள் நோன்பு வைப்பார்கள். ஆறு நோன்பு என்றே சொல்வார்கள். அந்த மாதத்தோடு இந்த ஆறும் சேர்ந்தால் வருஷம் முழுக்க நோன்பிருந்ததற்குச் சமம் என்று நம்பிக்கை. கடமை இல்லை. வைக்காவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போன வாரம் நான் வைத்தவை ரமலானில் எனக்கு விட்டுப்போன நாட்கள். அவற்றை முதலில் முடித்தேன். ஆறு நோன்பு நாளைக்குத்தான் ஆரம்பம்.

ஏன் என்று கேட்டாய். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

ரமலானில் ஊர் உன்னைத் தூக்கிக்கொண்டு போகும். மூன்றரை மணிக்குத் தெருவே விழித்திருக்கும். பள்ளிவாசலில் எழுப்புவார்கள், மாமி எழுப்புவார், பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தமே எழுப்பிவிடும். சாயங்காலம் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குவாளியோடு ஓடுவார்கள். எல்லாரும் பசித்திருக்கும்போது பசித்திருப்பது பெரிய விஷயம் இல்லை. இப்போது வெளியே வந்து பார். டீக்கடையில் கூட்டம். ஆஸ்பத்திரியில் என் டியூட்டி அறையில் சிஸ்டர்கள் வடை பிரித்து நீட்டுகிறார்கள். "வேண்டாம், வயிறு சரியில்லை" என்கிறேன். ஒருவருக்கும் தெரியாது. நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து கை கழுவுகிறேன். அந்தத் தண்ணீரைக் குடித்தால் உலகத்தில் யார் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் குடிப்பதில்லை. அந்த நேரத்தில், ஈவி, அந்தக் குழாயடியில் நான் தனியாக இல்லை என்று தெரிகிறது. என் முதுகில் மயிர்க்கால் எழுந்து நிற்கிறது. பயம் இல்லை. பயத்துக்குப் பக்கத்து வீடு.

ஒருவர் கேட்காததை அவருக்குக் கொடுத்திருக்கிறாயா? கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவர் கூப்பிடப் போகிற நாளை எனக்கு முன்னாலேயே சொன்னால் அன்றைக்கு வைக்க மாட்டேன். அவ்வளவுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீ பதில் சொல்ல வேண்டாம். நான் ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவதை வைத்துத்தான் அவருக்கு நான் மகளா இல்லையா என்பது தெரியுமா? அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் நான்தான் வெந்நீர் வைப்பேன். அதெல்லாம் எங்கே போயிற்று?

நீ எதையும் முயற்சி செய்யாதே. வளர்கிற பிள்ளை. சாப்பிடு.

எலைன்
(இங்கே என்னை வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள். உனக்கு எழுதும்போது இந்தக் கை இந்தப் பெயரைத்தான் எழுதுகிறது.)

•

ஊரிகம்
11 ஏப்ரல் 2025, வெள்ளி, இரவு

அக்கா,

இதையும் காட்டாதே. இதைத்தான் முக்கியமாகக் காட்டாதே. நீ முயற்சி செய்யாதே என்று எழுதினாய். நேற்று நான் செய்துவிட்டேன்.

உனக்குப் பதிலாக இல்லை. அது முடியாது என்று சொல்லிவிட்டாய். சும்மா. ஒருவர் கேட்காததைக் கொடுத்துப் பார் என்றாயே, அதனால். என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்று தெரியாததால் "ஆண்டவரே, இன்றைக்கு நான் சாப்பிட மாட்டேன், உமக்குத் தெரியும், வேறு யாருக்கும் சொல்லாதேயும்" என்று சொன்னேன். தப்பா?

அப்பா பெங்களூர் வேலைக்கு ரயில் பிடிக்க எழுகிறதற்கு முன்னாலேயே எழுந்து பழைய சோறும் மோரும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். பரீட்சை முடிந்து லீவு என்பதால் காலையில் தெரியவில்லை. பதினொரு மணிக்குக் கங்கம்மா அத்தை மாங்காயை நறுக்கி உப்பு, மிளகாய்த்தூள் தடவி நீட்டினார். வாயெல்லாம் எச்சில் ஊறியது. அந்த எச்சிலை விழுங்கலாமா கூடாதா? அதை நீ எழுதவே இல்லை! துப்பினால் அத்தை என்ன நினைப்பார்? விழுங்கிவிட்டேன். மாங்காயைப் பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு போய் ஆட்டுக்குப் போட்டேன். மத்தியானச் சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய் அதையும் ஆட்டுக்கே போட்டேன். அந்த ஆட்டுக்கு நேற்றுப் பெருநாள்.

மூன்று மணிக்கு மேல் தலை லேசாக ஆகிவிட்டது. சத்தங்கள் எல்லாம் தூரத்தில் இருந்தன. லைன் வீடுகள், தகரக் கூரைகள், அதற்கு மேலே மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய ஷாஃப்டில் நிற்கிற இரும்புச் சக்கரம், எல்லாம் கழுவி வைத்தது போலத் தெரிந்தது. நான் தினமும் பார்க்கிறதுதான். நேற்றுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு கஷ்டம் வந்தது. சூரியன் மறைந்ததும் சாப்பிடலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டுக்கு மேற்கே சயனைட் மேடு இருக்கிறதே! சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருக்கிறார்களே, அதற்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே போய்விடுகிறது. அது மறைந்த கணக்கா? இல்லை, மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெயில் இருக்குமா? கடவுளை ஏமாற்றிவிடக் கூடாது என்று பயந்து ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல் ஏறி நின்று பார்த்தேன். இருந்தது அக்கா. அந்தப் பக்கம் சிவப்பாக, பெரிதாக, இன்னும் இருந்தது. நம் வீட்டில் இருட்டும்போதும் அது அங்கே இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அது முழுக்கப் போகும் வரைக்கும் நின்றேன். அப்புறம் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததே இல்லை.

சரி, முக்கியமான விஷயம். இன்று சாயங்காலம் கங்கம்மா அத்தை வாசலில் நின்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "இன்னா எட்மண்ட், நோன்புதான் முடிஞ்சுதே. இன்னும் இன்னாத்துக்கு காத்துக்கினு கீற? முகூர்த்தம் பாக்கிறியா?" அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மாவிடம், "ஞாயித்துக்கெழமை பிரியாணிக்கு கறி வாங்கணும். கொஞ்சம் கூட ஆக்கு" என்றார். குருத்தோலை ஞாயிறுக்கு நம் வீட்டில் எப்போது பிரியாணி செய்திருக்கிறோம்? ஈஸ்டருக்குத்தானே? ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைக் கூப்பிடப் போகிறாரோ என்னவோ. அன்றைக்கு வைக்காதே, வைக்காதே, வைக்காதே. காலையிலேயே கங்கம்மா அத்தை இதைத் தபாலில் போட்டுவிடுவார். அதற்குள் கிடைக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணுகிறேன்.

ஈவி

•

ஆம்பூர்
14 ஏப்ரல் 2025

ஈவி,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. இதற்கு முன் நீ ஏதாவது எழுதியிருந்தால் அது வழியில் இருக்கும். இது காத்திருக்க முடியாத செய்தி.

நேற்று அப்பா வந்தார்.

கூப்பிடவில்லை. வந்துவிட்டார். மத்தியானம் ஒன்றரை மணி. நான் வராண்டாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில், கையில் டிபன் கேரியரோடு ஒருவர் கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறார். அவர் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சட்டைப்பையில் குருத்தோலைச் சிலுவை நீட்டிக்கொண்டிருந்தது. ஆராதனை முடிந்து நேராக வந்திருக்கிறார்.

மாமி பதறிப்போய் நாற்காலி போட்டார். உன் மச்சான் இம்தியாஸ் சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி வந்தார். அப்பா எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், உட்காரவில்லை. கேரியரைத் திறந்து தன் கையாலேயே தட்டில் போட்டார். "உங்கம்மா செஞ்சது. கறி பாய் கடையிலதான் வாங்கினேன். விசாரிச்சு வாங்கினேன்" என்றார். பிறகு எதிரே நின்றுகொண்டு பார்த்தார்.

எனக்கு அன்று ஐந்தாவது நோன்பு. மாமிக்குத் தெரியும். இம்தியாஸுக்குத் தெரியும். நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கடமையான நோன்பாக இருந்தால் செய்திருக்க முடியாது. இது நானாகக் கொடுத்தது. தானாக நோன்பு வைப்பவர் தனக்குத் தானே எஜமான் என்பார்கள். விருந்து வைத்தவர் மனம் நோகும் என்றால் விடலாம். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், மாதம் இன்னும் இருக்கிறது. இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று நினைக்காதே. அவர் போடும்போது கரண்டி தட்டில் பட்டு டக் டக் என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான்.

இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். "உப்பு சரியா கீதா?" என்று கேட்டார். "அம்மா கை எப்பவும் கொஞ்சம் தூக்கல்தான்" என்றேன். "ம்" என்றார். அந்த வெறும் கேரியரைத் திரும்பத் திரும்ப மூடி, கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டே நின்றார். கிளம்பும்போது, "சரி. வரேன்" என்றார். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. இம்தியாஸ் ஸ்டேஷன் வரைக்கும் பைக்கில் கொண்டுபோய் விட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, சும்மா" என்கிறார். அவர் பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும். நேற்றுச் சிவந்தது.

நீ அப்பாவிடம் நான் நோன்பாக இருந்தேன் என்று சொல்லிவிடாதே. அவர் நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ராத்திரி தொழுகையில் நான் ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை. விட்ட நோன்புகூடப் போய்ச் சேருமா என்று கேட்டேன். சேர்ந்தது போலத்தான் இருந்தது.

எலைன்

•

ஊரிகம்
17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன், இரவு

அக்கா,

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அதைப் படித்ததால்தான் இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது. இல்லாவிட்டால் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பேன். யாருக்கும் காட்டாதே. ஆனால் கரைக்காதே. இதை மட்டும் வைத்துக்கொள்.

ஞாயிறு இரவு அப்பா வந்து கேரியரை வைத்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். "சாப்பிட்டா" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்கு அப்படியே குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அப்பா முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

நேற்று விடியும் முன் அடுப்படியில் சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா நின்றுகொண்டே பழைய சோற்றைச் சாப்பிடுகிறார். அம்மா பிறகு எழுந்து கட்டிக் கொடுத்த டப்பாவை, "வேணாம், கேன்டீன்ல பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். கேன்டீன் சாம்பாரை அவர் எவ்வளவு திட்டுவார் என்று உனக்குத் தெரியும். ராத்திரி வந்து, தனக்குள்ளேயே "சே" என்று சொல்லிக்கொண்டார். இன்று காலை மறுபடியும் அதே மாதிரி. நின்றுகொண்டே பழைய சோறு, டப்பா வேண்டாம். நான் பயந்துவிட்டேன். கோபத்தில் பட்டினி கிடக்கிறாரா? உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா?

இன்று ராத்திரி ஆராதனை. பெங்களூர் ரயிலில் வருகிறவர்களுக்காக எட்டு மணிக்குத்தான் ஆரம்பித்தார்கள். அப்பா வீட்டுக்கு வராமல் ஸ்டேஷனிலிருந்து நேராகத் தோளில் பையோடு வந்தார். உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது. அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தலையை ஆட்டிவிட்டார். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனார்கள். அப்பம் வாங்க வேண்டுமென்றால் திடப்படுத்தல் ஆகியிருக்க வேண்டும், எனக்கு இன்னும் ஆகவில்லை என்பதால் பெஞ்சிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முழங்கால் போட்டார். பாஸ்டர் அவர் கையில் அப்பத்தை வைத்தார். அப்பா உடனே வாயில் போடவில்லை. அந்தச் சின்னத் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவர் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது.

அக்கா, விடியும் முன் சாப்பிட்ட பிறகு அதுதான் அவர் வாய்க்குள் போன முதல் ஆகாரம். அந்தக் கோயிலில் அத்தனை பேர் இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். நீ எழுதினாயே, முதுகில் மயிர்க்கால் எழும் என்று. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எழுந்தது.

திரும்பி நடந்து வரும்போது அப்பாவும் சிரில் மாமாவும் முன்னால் போனார்கள். அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் வேலை செய்தவர், இப்போது ஒரே ரயிலில் போகிறவர். நான் அம்மா கையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன்.

"இன்னா எட்மண்ட், நேத்து டீய குடிச்சிட்டு தலைல அடிச்சிக்கின. இன்னிக்கு தண்ணிகூட தொடல. சுகரா? டாக்டர் இன்னா சொன்னான்?"

"சும்மா வாடா."

"சொல்லுடா. பொண்டாட்டிகிட்ட சண்டையா?"

அப்பா பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "என்னால ஒருத்தி ஷிப்ட் போச்சுடா" என்றார்.

"யாரு?"

"பெரியவ. நோன்புல இருந்துகினாளாம். நான் குடுத்தேன்னு ஒரு வார்த்த பேசாம சாப்பிட்டா. மாப்பிள்ள பைக்ல கொண்டாந்து விடும்போதுதான் சொன்னாரு."

சிரில் மாமா நின்றுவிட்டார். "அதுக்கு நீ எறங்கினியா?"

"வேற யாரு எறங்குவா?"

"அப்ப நேத்து?"

"நேத்துதான் மறந்து டீ குடிச்சிட்டேனே. பாதி ஷிப்டுக்கு ஆஜர் ஏது? அதான் இன்னிக்கு முழுசா எறங்கினேன்."

சிரில் மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். தலையில் கட்டியிருந்த மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அப்பா சொல்வது உனக்குத் தெரியும்தானே? நம்மால் ஒருவன் தாமதமாகி, சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜ் அவனை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டால், அவன் ஷிப்டை நாம் வேறொரு நாள் இறங்கிக் கொடுக்க வேண்டும் என்பார். அவன் பெயரில்தான் ஆஜர் போடுவார்களாம். அவர் உனக்கும் அப்படியே செய்துவிட்டார். ஒருவர் நோன்பை இன்னொருவர் வைக்க முடியாது என்று நீ எனக்கு எழுதினாய். அவருக்கு யார் சொல்வது? சூரியன் மறைந்ததும் சாப்பிடலாம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ரயிலில் நின்றுகொண்டு, ஊர் வந்து சேரும் வரைக்கும் தேவையில்லாமல் தாகத்தோடு இருந்திருக்கிறார். முறையும் தெரியாது, நேரமும் தெரியாது, என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியாது. உன் முறைப்படி அது நோன்பே இல்லை. எங்கள் முறைப்படியும் இல்லை. அப்படியானால் அது எங்கே போகும் அக்கா? யாராவது வாங்கிக்கொண்டுதானே இருக்க வேண்டும்? அது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அப்பத்தை விழுங்கியபோது

கதவைத் தட்டுகிறார்கள்.

டார்ச்சை அணைத்துவிட்டேன். மறுபடியும் தட்டுகிறார்கள். அப்பா. அக்கா, நிலா வெளிச்சத்தில் எழுதுகிறேன், அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்கிறார்: "ஈவி, தூங்கலன்னு தெரியும். லைட்ட போட்டுக்கினு எழுது. இன்னும் எத்தினி நோன்பு பாக்கின்னு அவள கேளு. பாக்கிய இங்க வந்து வெக்க சொல்லு, நான் லீவு போட்டுட்டு கூட்டிக்கினு வரேன்னு எழுது, எழுதினியா? கதவ தொற, நானே பாக்கிறேன்." தாழ்ப்பாளை எடுக்கப் போகிறேன் அக்கா.